வெட்டுப்படாத வெண்பா

இடுப்பும் முதுகுத்தண்டும் கூடுகின்ற அடிக்கணுவில், பழுக்கக் காய்ச்சிய கம்பியொன்றை எவனோ மெல்ல மெல்லத் திருகுவது போன்ற வலி கிளம்பி, வலத்தொடை வழியே இறங்கிக் குதிகாலில் போய்க் குத்திட்டு நின்றது. பசைவாளியைத் தரையில் வைக்கவும் மாட்டாமல், தூக்கிப் பிடிக்கவும் மாட்டாமல், பாதி குனிந்த நிலையிலேயே துரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அது கருக்கல் நேரம். இரும்புலியூர் ஏரியின்மேல் படிந்திருந்த மூடுபனி, உலை பொங்கி வழியுமுன் மூடியின் விளிம்பில் தயங்கும் நுரைபோல், கரைமேல் ஏறலாமா வேண்டாமா என்று தயங்கிக் கிடந்தது. தெற்கே வண்டலூர்க் காடு கரிய யானைக்கூட்டம் படுத்துறங்குவது போலக் கிடக்க, வடக்கே தாம்பரம் நிலையத்தில் கடற்கரைக்குச் செல்லும் முதல் வண்டி கூவிப் புறப்பட, இவ்விரண்டுக்கும் இடையே நீண்ட பெருநெடுஞ்சாலையில், இரவெல்லாம் விழித்துச் சிவந்த கண்களையுடைய தென்னாட்டுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, உறக்கம் கலையாத மக்களை மூட்டைமுடிச்சுகளோடு உதிர்த்துவிட்டுப் போயின. அப்படி உதிர்ந்தவர்களுள் ஒருவரேனும், சாலையோரத்து மதிலருகே வளைந்து நின்ற அவனைத் திரும்பிப் பார்த்தாரில்லை. பார்ப்பானேன்? செத்தவர்களுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவன் முகத்தில் விடியற்காலையில் விழிக்க எவருக்குத்தான் மனம் வரும்?

ஐம்பதைக் கடந்த துரை, செங்கல்லும் மணலும் சுமந்தே தோள் காய்த்தவன். முடிச்சூரில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி வானை முட்டியபோது, ஒவ்வொரு மாடிக்கும் அவன் முதுகே ஏணியாயிற்று. ஒருநாள் சரக்குந்தின் பின்பலகையிலிருந்து சிமென்ட் மூட்டையோடு சறுக்கி விழுந்தான். எழுந்து பார்த்தபோது மூட்டை முழுதாக இருந்தது, முதுகு முழுதாக இல்லை. கட்டடக்காரன் மூட்டையைத்தான் முதலில் தூக்கச் சொன்னான். அதன்பின் இரும்புலியூரில் கிறிஸ்டி என்பவள் நடத்தும் பதாகைக் கடையில், பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பென்றாலும், எழுத்துக்கூட்டாமல் படிப்பான். ஒட்டுகின்ற தாளை எல்லாம் படித்துக்கொண்டேதான் ஒட்டுவான்.

அன்று அவன் ஒட்டிய தாள், தாம்பரம் நிலையத்துப் படிக்கட்டில் பூ விற்றுவந்த ஒருத்தியினுடையது. படத்தின் கீழே நான்கு வரிகள் இருந்தன.

முழத்துக்குமேல் ஒரு விரல் சேர்த்து அளந்த கை
இன்று அளக்க வரவில்லை.
படிக்கட்டில் ஏறுவோரே, சற்று ஒதுங்கி ஏறுங்கள்:
அவள் உட்கார்ந்த இடம் இன்னும் ஈரம்.

தூரிகை பிடித்த கை அந்தரத்தில் நின்றது. வலி போயிற்றென்று சொன்னால் பொய். வலி எங்கே போகும்? ஆனால் எசமானனுக்காகக் காத்து நிற்கும் வண்டிமாடுபோல், அது அவன் அந்நான்கு வரியைப் படித்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்றது. அவளிடம் அவனும் பூ வாங்கியிருக்கிறான். அந்த ஒரு விரலை அவனும் பெற்றிருக்கிறான். பெற்றதை அன்றுதான் அறிந்தான்.

கடைக்குத் திரும்பியதும் கிறிஸ்டியிடம் கேட்டான்.

“யக்கா, பூக்காரம்மா பாட்டு எழுதினது யாரு?”

“நம்ம சுப்பராயலுதான். இன்னாத்துக்குக் கேக்குற? தப்பு எதுனா கீதா?”

“தப்பில்லக்கா. கை நின்னுபோச்சி, அதான் கேட்டேன்.”

“கை நின்னா கூலியும் நிக்கும். போ, அடுத்த கட்ட எட்த்துகினு கெளம்பு” என்று அவள் நகைத்தாள்.

சுப்பராயலு என்பவன் துரையினும் பத்தாண்டு இளையவன். முடிச்சூரில் ஏர்பூட்டி வாழ்ந்த பழைய குடும்பத்தில் பிறந்தவன். தந்தை நிலத்தை மனைக்காரனுக்கு விற்று, விற்ற பணத்தைக் குடித்து, குடித்த வேகத்திலேயே இறந்தும் போக, மிஞ்சிய வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து நெற்குதிர்களையும் அடித்துக்கொண்டு போக, மகனுக்கு எஞ்சியவை இரண்டே: தந்தையின் குடிப்பழக்கமும், எவரிடமிருந்து வந்ததென்று அறியமுடியாத சொல்வளமும். கடையின் பின்கட்டில், காலியான பசைத்தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்து, காதில் செருகிய தச்சர் பென்சிலை எடுத்துச் செத்தவர்களுக்குப் பாட்டெழுதுவதே அவன் பிழைப்பு. அவன் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. நல்லவன் என்று அவனைச் சொல்ல முடியாது. நாவில் நஞ்சுடையவன், தன் தொழிலை எவருக்கும் எளிதில் ஈயாதவன்.

“இன்னா துரண்ணா, பாட்டு எழுதணுமா? முதுகு போனவன்லாம் கவிஞன் ஆவறதுன்னா தாம்பரத்துல பாதிப் பேரு கவிஞன்தான்.”

“சொல்லிக்குடு வாத்தியாரே. சாவற வரைக்கும் பசையே தடவிகினு இருக்கணுமா?”

“தடவினா இன்னா? பசைன்னா ஒட்டும். பாட்டு ஒட்டும்னு கேரண்டி கீதா?”

ஆயினும் ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டவன் நூலைக் கொடுக்கவில்லை, இலக்கணம் சொல்லவில்லை, சாவு வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே அழுவோர் முகத்தைப் பாராதே, மாலை போர்த்திய பிணத்தையும் பாராதே, வாசலில் கிடக்கும் இறந்தவனுடைய செருப்பைப் பார் என்றான். அழுகிற முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேய்ந்த செருப்பு ஒன்றுபோல இன்னொன்று இராது என்பது அவன் கொள்கை. எழுதிய பாட்டை மடியில் வைத்துப் படித்துப் பூரிக்கவும் விடமாட்டான். ஒரு படி அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் போய், ஒரு கண்ணை மூடி, குதிகாலை உயர்த்தி, வண்டிகளுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் எட்டிப் படிக்கவேண்டும். அவசரமாகப் போகிறவன் கண்ணில் எந்தச் சொல் தைக்கவில்லையோ அந்தச் சொல் இழவுக்கும் உதவாது என்பான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னான்.

“எழுதி முட்சிட்டு பேர மாத்திப் பாரு. இன்னொருத்தனுக்குப் பொருந்துதா? பொருந்திச்சின்னா கிழிச்சிப் போட்ரு. அது பாட்டு இல்ல, வாடகை சட்டை.”

“சரி வாத்தியாரே. நான் எப்பதான் கவிஞன் ஆவறது?”

சுப்பராயலு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அவன் கண்முன் ஆட்டினான். “என் பென்சிலு உன் பாட்டுல ஒரு எழுத்தக்கூட வெட்டாம என்னிக்கி திரும்பி வருதோ, அன்னிக்கி நாலு பேர் எதிர்ல நானே சொல்றேன், துரை கவிஞன்னு. அதுவரைக்கும் நீ பசை, நான் பென்சிலு.”

தமிழ் நயம் தேர்ந்த பெருந்தகையீர், பட்டமும் பொன்னாடையும் வேண்டிப் பாட்டுக் கற்பவர் உளர். துரை வேண்டியது அந்த ஒரு சொல்லை மட்டுமே. ஆளைச் சுமைகொண்டே அளந்த ஊரில், மாடிக்கு எத்தனை கல் ஏற்றினான் என்பதன்றி அவனைப்பற்றி எவரும் எதையும் சொன்னதில்லை. எனவே அந்தச் சொல்லுக்காக அவன் ஆண்டுக்கணக்கில் எழுதினான்; பென்சில் ஆண்டுக்கணக்கில் வெட்டியது. துணி தேய்த்துப் பிழைத்த ஒருவனுக்கு, ‘ஊருக்கு ஒளிதந்த விளக்கே, அணைந்தாயே’ என்று எழுதிக்கொண்டு போனபோது, சுப்பராயலு தகரம் அதிர நகைத்தான்.

“இஸ்திரி போட்டவன் ஊருக்கு எங்கண்ணா ஒளி குட்த்தான்? அவன் வூட்லயே கரண்ட்ட புடுங்கிட்டாங்க. செருப்பப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“இன்னா பாத்த?”

“பழசா இருந்திச்சி.”

“எவன் செருப்பு புச்சா கீது? எடது செருப்பு மட்டும் வாழத்தோலு மாதிரி தேஞ்சி கெடந்திச்சே, பாக்கல? நாளெல்லாம் நின்னுகினே தேச்சவன், ஒடம்ப எடது கால்லயே தாங்கிகினு இருந்தான். அத்த உட்டுட்டு, வெளக்காம், அணைஞ்சிச்சாம்! பொணமே இல்லாத பாட்டு எழுதினுவந்துட்டாரு.”

வீட்டிலோ மனைவி பொன்னியம்மாள் வேறு வகையில் வெட்டினாள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுக் கைவெந்து வருகிறவள் அவள். “மூட்ட தூக்கினப்ப முதுகுக்கு மட்டும்தான் அழுவ. இப்போ பாட்டுக்கும் சேத்து அழுவுறியா? ரெண்டு ஒப்பாரிக்கு நான் ஒருத்தி எப்டிய்யா எண்ண தேய்க்கறது?” என்பாள், என்றாலும் தேய்ப்பாள்.

இந்நிலையில்தான் மேற்குத் தாம்பரத்துக் குடியிருப்பொன்றின் பொதுமன்றத்தில் ஞாயிறுதோறும் பிற்பகல் கூடும் யாப்பு வகுப்பைப்பற்றித் துரை அறிந்தான். அவ்வகுப்பின் விளம்பரத்தை ஒட்டியவனே அவன்தான். பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், பெற்றோர் இட்ட ஸ்ரீரங்கன் என்னும் பெயரைத் திருவரங்கன் என்று மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர் அதை நடத்தினார். அவரிடம் வஞ்சகமில்லை, தமிழ்மீது பற்றும், வந்தாரை வரவேற்கும் பண்பும் நிறைந்தவர். வாசற்படியருகே கூசி நின்ற துரையை அவரே எழுந்துவந்து அழைத்தார்.

“பாவலர் துரை அவர்களே, வருக. நிற்பானேன்? இவ்விருக்கையில் அமர்க. இம்மன்றத்தில் எல்லோரும் தமிழன்னையின் மக்களே.”

அது முதுகு சாய்க்கும் நாற்காலி. கல்லும் மணலும் இறங்கிய நாள்முதல் தரையிலும் தகரத்திலும் குந்திய அந்த முதுகு, அடிக்கணு முதல் பிடரிவரை ஒருங்கே சாய்ந்தபோது, அவனுடைய கண்கள் தாமே மூடின. இளைப்பாறிய முதுகு எதைக் கேட்டாலும் உண்மையென்று நம்பும். அசையும் தளையும் தொடையும் அவர் தெளிவுறச் சொல்ல, விரல்மடக்கி எண்ணிக் கற்றான். சில திங்களில் பிழையில்லாத வெண்பா அவன் கையில் படிந்தது. அங்கே எவரும் வெட்டவில்லை, கைதட்டினார்கள்.

சுப்பராயலு அறிந்துகொள்ள நாளாகவில்லை.

“நாற்காலி போட்டாங்களாமே, பாவலருக்கு?”

“முதுகுக்கு நல்லாருந்திச்சி வாத்தியாரே.”

“முதுகுக்கு நல்லதுதான்” என்றான் சுப்பராயலு. “பாட்டுக்குத்தான் முதுகு தொங்கிப்போச்சி.” அன்றுமுதல் துரையின் தாள்களைப் பாராமலே திருப்பினான், உச்சிவெயிலில் கூடுவாஞ்சேரிவரை ஒட்டும் வேலையை அவனுக்கே ஒதுக்கும்படி கிறிஸ்டியிடம் சொல்லிவைத்தான். ஆசான் என்பவன் எப்போதும் பெருந்தன்மையுடையவன் என்று நூலில் படித்தவர்கள் நூலிலேயே படித்துக்கொள்ளட்டும், இவன் பொறாமையுடையவன். ஆனால் பொறாமைக்காரன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது என்பதுதான் துரைக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த வேனிலில் சுப்பராயலுவின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுக் கால் வீங்கிற்று. மனைவி அங்காளம்மாள் அவனை மாநகரின் பெரிய மருத்துவமனையில் சேர்த்தாள். பிழைப்பது அரிதென்று கேட்டதும் கிறிஸ்டி துரையைத் தனியே அழைத்தாள்.

“துரண்ணா, மனச கல்லாக்கிகினு ஒண்ணு எழுதி வெச்சிரு. நம்ம கடை ஆளுக்கே வேற கடைக்காரன் மொதல்ல ஒட்டிட்டான்னா நமக்குத்தான் அசிங்கம்.”

இதில் அவளைக் குறைகூற ஒன்றுமில்லை; இத்தொழிலின் நடைமுறை அது. ஊரில் பெரிய ஆள் படுத்தால் பாட்டை முன்கூட்டியே எழுதிப் பெட்டியில் இட்டுவைப்பதும், மூச்சு நின்றதும் நாளை மட்டும் சேர்த்து அச்சிடுவதும் எல்லாக் கடைகளிலும் உண்டு. ‘சாவு சொல்லிகினு வராது, போஸ்டரு சொல்லிகினு வரணும்’ என்று சுப்பராயலுவே சொல்வான்.

துரை எழுதினான். முதலில் எழுதிய வரைவில் ஆசானுடைய செருப்பு இருந்தது. எதிர்ச்சாரியில் நின்று எட்டிப் படிக்கும் கோலம் இருந்தது. வடிவம் மட்டும் கரடுமுரடாக இருந்தது. அதைத் திருவரங்கனிடம் கொண்டுபோனான். அவர் கண்ணாடியை ஏற்றிவைத்துப் படித்து, பரிவோடு தலையசைத்தார்.

“நெஞ்சில் ஈரம் இருக்கிறது, பாவலரே. ஆனால் செருப்பு என்பது இரங்கற்பாவில் இழிசொல். ஆசானைப் பாடும்போது காலுக்குக் கீழே பார்க்கலாமா? மேலே பாருங்கள். ஞாயிறு, குன்றம், கடல்.”

துரை மேலே பார்த்தான். பென்சில் வெட்டியபோதெல்லாம் முரண்டுபிடித்தவன், இந்த நாற்காலியில் சாய்ந்தபடி, ‘சரிங்க ஐயா’ என்று தன் கையாலேயே செருப்பை எடுத்தெறிந்தான். ஓரிரு நாளில் அணிபெற்று, எதுகை பொலிந்து, தளை தட்டாத வெண்பா ஒன்று வந்தது.

பாவலர் ஏறே பசுந்தமிழ்ப் பைங்கடலே
காவலர் போற்றும் கலைக்குன்றே – நாவலனே
விண்ணகம் சென்றாய் விழிநீர் பெருகிடவே
மண்ணகம் வாடும் மெலிந்து.

மன்றமே எழுந்து கைதட்டியது. கடையில் எழுத்துக் கோக்கும் ஆல்வின் மட்டும், “போலீஸ் எதுக்குண்ணா சுப்பராயலு அண்ணன போற்றணும்? போன மாசம்தான தண்ணி போட்டதுக்கு அவர புடிச்சி உக்கார வெச்சாங்க?” என்றான். அரசரைக் காவலர் என்பது பழைய வழக்கென்று துரை அவனுக்கு விளக்கினான்; விளக்கும்போதே தன் குரல் திருவரங்கன் குரலாக இருப்பது அவன் செவியிலேயே பட்டது.

ஆசான் கற்பித்த முறை ஒன்று அவன் குருதியில் ஊறியிருந்தது: சுவரில் ஒட்டி எதிர்ப்புறம் நின்று படித்தாலன்றிப் பாட்டு முடிந்ததாகாது. ஆல்வினிடம் ஒரே ஒரு படி அச்சிட்டு வாங்கி, விடிந்தும் விடியாத வேளையில், ஆளரவமில்லாத ஏரிக்கரைத் தெருவின் மதிலில் ஒட்டினான். படித்தவுடன் பசை காயுமுன் உரித்துவிடுவதாகத்தான் எண்ணம். எதிர்ப்புறம் வந்து நின்றான். சுப்பராயலுவின் படம், அதன் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, அதன் கீழே தன் வெண்பா. மாடிமாடியாகக் கல் ஏற்றிய நாளெல்லாம் எந்த மாடியிலும் தன்னுடையதென்று ஒரு செங்கல் இல்லாதவன், தன் கையால் கட்டிய நான்கு வரி மதிலில் நிமிர்ந்து நிற்கக் கண்டான். கண் பனித்தது. அந்தக் கண்ணீர் ஆசானுக்காக வந்ததா, தனக்காகவே வந்ததா என்று அவனைக் கேட்டால் இன்றும் தலைகுனிவான்.

பால் போடும் இளைஞன் ஒருவன் வண்டியை நிறுத்திக் கைப்பேசியில் அதைப் படமெடுத்தான். “அடப்பாவமே, நம்ம சுப்பராயலு அண்ணனா? பாட்டு சும்மா அள்ளுது. யாரு எழுதினது?”

சுப்பராயலு உயிரோடிருக்கிறான் என்று சொல்ல அதுவே நேரம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். துரையின் வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

“நான்தான்” என்றான்.

இளைஞன் போனபின் தாளை உரித்தான்; ஆனால் உரித்தது தாளை மட்டுமே. படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, வெயில் ஏறுமுன் முடிச்சூர் முழுதும் பரவிற்று. பூட்டிக் கிடந்த சுப்பராயலுவின் வீட்டுக் கதவில் எவரோ மாலை மாட்டினர். பந்தல்காரன் வந்து வாசலில் கால் நட்டான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கணவனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அங்காளம்மாளின் கைப்பேசியில், அவள் தாலியை நினைத்து உறவுக்காரி ஒருத்தி ஓலமிட்டு அழுதாள். கஞ்சிக்கிண்ணம் கவிழ, உள்ளே ஓடிப்போய்க் கணவன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தவள், அது துடிப்பதைக் கண்டபின்தான் மயங்கி விழுந்தாள்.

பிற்பகல் பார்வை நேரத்தில் துரை போனான். வாசலிலேயே அவள் மறித்தாள்.

“உசுரோட கீறவருக்குப் பாட்டு எழுதி செவுத்துல ஒட்டினியே, உன் கை வெளங்குமாய்யா? உன்ன அண்ணன் அண்ணன்னு சொல்லிகினு இருந்தாரே, அதுக்கா?”

“அங்காளா, உடு” என்று உள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. “கொண்டாந்தியா துரண்ணா?”

துரை இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்தான். பாதி கிழிந்து, பசை காய்ந்து விறைத்திருந்தது. நீட்டிய கையில் அதைச் சுப்பராயலு வாங்கவில்லை. “கையில குட்த்தா எப்டி? அந்த செவுத்தாண்ட போய் புடி” என்றான். துரை எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்று, தாளை நெஞ்சின்மேல் விரித்துப் பிடித்தான். சுப்பராயலு மஞ்சள் பூத்த கண்களில் ஒன்றை மூடி, தலையணையிலிருந்து தலையைச் சற்றே உயர்த்தி, வரிவரியாகத் தன் சாவைப் படித்தான். பின்பு தலையணைக்குக் கீழே கைவிட்டுப் பென்சிலை எடுத்தான். துரையின் நெஞ்சு தாளுக்குப் பின்னே பறையறைந்தது. வெட்டு வாத்தியாரே, முழுதும் வெட்டு, என் விரலையும் சேர்த்து வெட்டு என்று அது வேண்டிற்று.

சுப்பராயலு பென்சிலின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதை மீண்டும் தலையணைக்குக் கீழேயே வைத்தான்.

“ஒரு எழுத்துகூட வெட்டல.”

“வாத்தியாரே...”

“செத்தவன் எங்கனா பென்சிலு புடிப்பானா? மாலை போட்டாச்சி, பந்தக்கால் நட்டாச்சி. இனிமே திருத்தறதுக்கு நான் யாரு?” என்றவன், அறையிலிருந்த மற்றக் கட்டில்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “நாலு பேர் எதிர்ல சொல்றேன்னு சொன்னேன் இல்ல? சொன்ன சொல்லு மாறக்கூடாது. தோ, எல்லாரும் கேட்டுக்கோங்க. இவரு பேரு துரை. இவரு கவிஞரு.”

அடுத்த கட்டிலில் கிடந்த முதியவர் ஒன்றும் அறியாதவராய்த் துரையை நோக்கிக் கைகூப்பினார். துரை வேண்டிக் கிடந்த சொல் அவ்வாறு அவனுக்குக் கிட்டியது. பசித்தவன் ஏந்திய இலையில் சோற்றுக்கு மாறாகச் சுடுமணல் விழுந்தது போலக் கிட்டியது.

ஆனால் இழவுக்கதை அத்தோடு நிற்கவில்லை. சுப்பராயலு அப்போது சாகவில்லை. வாரந்தோறும் மருத்துவமனை இயந்திரத்தில் குருதியைத் துலக்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடந்தான். சில நாளில் கூடுவாஞ்சேரி மனைவணிகர் ஒருவரின் தந்தை இறந்தார். அவசரம் என்று வந்த மகனுக்குக் கிறிஸ்டி, பெட்டியில் ஆயத்தமாயிருந்த வெண்பாவையே காட்டினாள். துரை உள்ளே நுழையும்போது ஆல்வின் படத்தை மாற்றிக்கொண்டிருந்தான்.

“யக்கா, அது வாத்தியாருது.”

“அவரு அத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போறாரு? கோத்து வெச்சது வீணா போவணுமா? பேரு மாத்தக்கூட வாணாம், பாட்டுல பேரே இல்ல.”

மகன் வரிகளைப் படித்து நிறைவோடு தலையாட்டினான். “நாவலன்னு போட்டது கரெக்ட்டா கீதுக்கா. எங்கப்பாவும் பஞ்சாயத்துல நல்லா பேசுவாரு.”

தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரிவரை, அந்த வெண்பா பெருநெடுஞ்சாலையின் இருமருங்கும் நின்றது. வாழ்நாளில் ஒரு வரி எழுதாத மனைவணிகரின் தந்தை, பாவலர் ஏறாகவும் பசுந்தமிழ்ப் பைங்கடலாகவும் மதில்தோறும் பல்லிளித்தார். எல்லாவற்றையும் துரையே ஒட்டினான். ஒட்டுந்தோறும் எதிர்ப்புறம் போய் நிற்காமலிருக்கப் பார்த்தான். கால்கள் தாமே போய் நின்றன. வாடகைச் சட்டை அந்த உடம்புக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. திருவரங்கனோ அதை மன்றத்தின் ஆண்டுமலரில் முதற்பக்கத்தில் பதிப்பித்து, வெளியீட்டு நாளில் துரைக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்போதும் அவர் முகத்தில் அன்பைத் தவிர வேறில்லை. அதுவே துரையால் தாங்கமாட்டாததாயிற்று.

ஓரிரு முறை அவன் முடிச்சூருக்குப் போனான். சுப்பராயலு வையவில்லை. “வாங்க கவிஞரே” என்று எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போடச்சொல்லி, தான் தரையில் அமர்ந்தான். மழை வருமா என்று பேசினான், ஏரி நிரம்புமா என்று பேசினான், மின்தடைபற்றிப் பேசினான். புதிதாக எழுதியதைத் துரை மடியிலிருந்து எடுத்தபோது, “எனக்கு இன்னாங்க தெரியும், படிச்சவங்ககிட்ட காட்டுங்க” என்று கைகூப்பினான். அந்த நாற்காலியில் முதுகு சாயவில்லை; நுனியில் அமர்ந்திருந்து எழுந்து வந்தான். வெட்டுகின்ற பென்சில் எத்துணை அருமையானதென்று, வெட்டாது கூப்பிய கையின் முன்னேதான் கற்றான். கற்ற பாடம் காலம் கடந்த பாடம்.

கார்த்திகை மழையின் இடையே ஒரு காலை சுப்பராயலு மெய்யாகவே இறந்தான். செய்தி வந்தபோது ஊரார் பலர், ‘அவர் அப்பவே போயிட்டாரே’ என்றனர். துரை போனான். அழுகிற முகங்களைப் பார்க்கவில்லை. மாலை போர்த்திய உடலைப் பார்க்கவில்லை. வாசலில், நனைந்த சேற்றில், செருப்புகள் இரண்டும் கிடந்தன. குதிகாற்பகுதி அன்று வாங்கியதுபோல் புதிதாக இருந்தது; முன்பகுதி மட்டும் வெற்றிலைபோல் மெலிந்து தேய்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் சாலையோரத்தில் குதிகாலை உயர்த்தி எட்டி நின்று, பிறருடைய சாவைப் படித்தவனின் செருப்பு. அறுந்த வார் ஒன்று, பதாகை கட்டும் வெள்ளைக் கயிற்றால் முடியப்பட்டிருந்தது.

கண்டான்; எல்லாவற்றையும் கண்டான். அந்தக் காட்சியை அப்படியே நெஞ்சில் ஏந்திக்கொண்டு, சொட்டச்சொட்ட நனைந்து கடைக்கு வந்தான். “எழுதிட்டியாண்ணா? ஆல்வின் காத்துகினு கீறான்” என்றாள் கிறிஸ்டி. கவிழ்த்த பசைத்தகரத்தின்மேல் அமர்ந்து தாளை மடியில் விரித்தான். செருப்பு என்று எழுதக் கை ஓங்கும். தாளில் விழுவதோ குன்றம் என்று விழும். கயிறு என்று நினைப்பான். கடல் என்று வரும். பழகிய சொற்கள், ஈமொய்ப்பதுபோல் வந்து வந்து அந்தச் செருப்பை மூடின. எழுதியதை எல்லாம் அவனே வெட்டினான். வெட்டியபின் ஒன்றும் மிஞ்சவில்லை. அச்சுக்கு நேரமாயிற்று என்று ஆல்வின் மூன்றாம் முறை எட்டிப் பார்த்தபோது, தலையை அசைத்தான்.

சுப்பராயலுவின் சுவரொட்டி, படமும் தோன்றிய நாளும் மறைந்த நாளும் மட்டும் தாங்கி, கீழே பாட்டு நிற்கவேண்டிய இடம் வெறுமையாக, இரும்புலியூர் மதில்களில் ஏறியது. வலிக்கும் முதுகோடு துரைதான் ஒட்டினான். ஒட்டிவிட்டு, மழையில், சாலைக்கு எதிர்ப்புறம் போய்க் குதிகாலை உயர்த்தி நின்று, பேருந்துகளுக்கு இடையே அந்த வெறுமையைப் படித்தான். ஊரார் எவரும் அங்கே எதுவும் குறைந்திருப்பதாகக் கண்டிலர். செத்தவனுக்குப் பாட்டு இல்லையென்று பேருந்தேதும் நிற்கவுமில்லை. மன்றத்தில் துரையைப் பாவலர் என்கிறார்கள். கடையில் கவிஞர் என்கிறார்கள். அவன் கைச்சரக்கு இன்று நாளொன்றுக்கு ஒரு பிணத்துக்கேனும் போர்த்தப்படுகிறது. ஆனால் செருப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவனுக்குத் துரை தரவேண்டிய நான்கு வரி இன்னும் தரப்படவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.